தோட்டத்து சைக்கிள் பாதையில சுவர் ஓவியம்: எல்லாரும் கேக்கற கேள்விங்க

எங்க டவுன் மலேசியாவுல கோலசிலாங்கூர் பக்கம், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான், அதான் எண்ணெய்ப் பனை. நாங்க இருக்கற தாமான் (வீட்டுக் குடியிருப்பு) பின்னால இருந்து பழைய தோட்டத்துக்குள்ள ஒரு சடக்கு போகும், ஒரு காலத்துல கித்தா பால் (ரப்பர் பால்) லோரி போன செம்மண் வழி, இப்ப தார் போட்டு நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு விட்டுட்டாங்க, கோயில்கிட்ட ஆரம்பிச்சு தமிழ்ப்பள்ளி வேலி வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கும். ஒரு பக்கம் லோங்காங் (வடிகால்), இன்னொரு பக்கம் வீட்டுங்களோட பின்சுவரு, நடுவுல இடிஞ்சது போக மிச்சம் நிக்கிற பால் ஸ்டோர். அந்த சுவருங்கள்லதான் படம் போட்டோம், இப்போதைக்கு 11 படம்.

படம் வந்ததுல இருந்து பக்கத்து தாமான், பக்கத்து தோட்டம்னு ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரே விஷயத்த நாலு பேருக்கு நாலு விதமா வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி எனக்கே குழம்பிப்போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன். நான் ஆர்ட்டிஸ்ட் இல்லைங்க, ஹார்ட்வேர் கடையில பெயிண்ட் கலக்கிக் குடுக்கற ஆளு. அதனால பெயிண்ட் பத்தி கொஞ்சம் ஓவரா போயிருக்கும், பொறுத்துக்குங்க.

யாரு வரைஞ்சது? ஆர்ட்டிஸ்ட்டுக்கு காசு குடுத்தீங்களா?

கோடு போட்டது எங்க தாமான் தம்பி ஒருத்தன், டிசைன் படிச்சிட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தான். கலர் அடிச்சது நாங்க எல்லாரும், ஏழு வயசுல இருந்து எழுபது வரைக்கும்.

காசு குடுத்தோம். இத கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா "நம்ம பிள்ளைதானே, சும்மா செஞ்சு குடுப்பான்"னு மீட்டிங்ல மூணு பேரு சொன்னாங்க. லைட்டு ரிப்பேர் பண்ண வர்றவரும் நம்ம பிள்ளைதான், அவருகிட்ட இப்படிச் சொல்லுவோமா? தொகை அவனோட விஷயம், இங்க எழுதல. முன்னாடியே பேசி, பாதி முதல்ல பாதி முடிச்சதும்னு வெச்சுக்கிட்டோம், சண்டை வரல.

பினாங்கு மாதிரி சைக்கிள் படம் போடலாமே, டூரிஸ்ட் வருவாங்கல்ல?

2012ல ஜார்ஜ்டவுன் ஃபெஸ்டிவலுக்காக எர்னஸ்ட் ஸக்காரெவிச்னு ஒரு லித்துவேனியாக்காரரு ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல ரெண்டு பிள்ளைங்க சைக்கிள்ல போற மாதிரி வரைஞ்சாரு. பிள்ளைங்க பெயிண்ட், சைக்கிள் மட்டும் நிஜம். 2014ல ஈப்போவுலயும் அவரு வரைஞ்சாரு. நல்ல படங்கதான், நானே கியூவுல நின்னு போட்டோ எடுத்திருக்கேன். ஆனா அதுக்கப்புறம் எந்த டவுனுக்குப் போனாலும் சுவத்துல ஒரு துருப்புடிச்ச சைக்கிள் தொங்குது. எங்க முதல் மீட்டிங்லயும் ஒரு அண்ணன் வீட்டுல கிடக்கற சைக்கிள தர்றேன்னு ரெடியா வந்தாரு. சைக்கிள் ஓட்டிக்கிட்டு வர்றவனுக்கு சுவத்துல இன்னொரு சைக்கிள் எதுக்குண்ணேன்னு கேட்டதும் அவரே சிரிச்சுட்டாரு.

எனக்கு மனசுல இருந்தது சென்னை கண்ணகி நகர். நகரத்துக்கு நடுவுல குடிசையில இருந்த ஜனங்கள பிரிச்சு, கொண்டு போய் குடிவெச்ச இடம் அது. 2020ல ஸ்டார்ட் இந்தியாங்கற அமைப்பு அங்க ப்ளாக் வீட்டு சுவருங்கள்ல மாடி உயரத்துக்கு படம் போட்டாங்க. தோட்டத்து லய வீட்டுல இருந்து கிளப்பி தாமானுல வெச்ச நமக்கு பினாங்கு கடைத்தெருவ விட அந்த இடம்தான் கிட்ட.

டூரிஸ்ட் வந்தாங்களான்னா, இல்ல. ஒரு தடவ சைக்கிள் கிளப்காரங்க கிள்ளான்ல இருந்து வந்தாங்க, அவ்வளவுதான்.

பெர்மிட் வேணுமா?

வேணும். அதுக்கும் முன்னால சுவரு யாருதுன்னு கண்டுபிடிங்க, அதுதான் தலைவலி. வீட்டு பின்சுவரு வீட்டுக்காரருது. லோங்காங் சுவரு மஜ்லிஸா (ஊராட்சி மன்றம்), ஜேபிஎஸ்ஸான்னு (வடிகால் இலாகா) இடத்துக்கு இடம் மாறும். பால் ஸ்டோர் தோட்டக் கம்பெனியோடது. ஆளுக்கு ஒரு லெட்டர், ஒவ்வொண்ணுலயும் கலர் ஸ்கெட்ச் ஒட்டிக் குடுத்தோம். வெறும் "மியூரல் வரையப்போறோம்"னு எழுதிக் குடுத்தா அவங்க மனசுல ஒண்ணு இருக்கும், உங்க மனசுல ஒண்ணு இருக்கும்.

2013ல ஜொகூர் பாருல என்ன ஆச்சு தெரியும்ல? அதே ஸக்காரெவிச், ஒரு லெகோ பொம்மை பொம்பள நடந்து வர்றா, மூலை திரும்புனா கத்தியோட ஒரு லெகோ திருடன் நிக்கறான். சிரிப்பா இருந்துச்சு, ஆனா மஜ்லிஸ் வெள்ளையடிச்சு அழிச்சுட்டாங்க. அவ்வளவு பேரு பெத்தவரு படத்துக்கே அந்த கதி.

வாய்ல "ஓகே லா"ன்னு சொன்னா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ஒரு வீட்டுக்காரரு போன்ல சரின்னாரு, படம் பாதியில இருக்கறப்ப வீட்ட வித்துட்டுப் போயிட்டாரு. புது ஓனர் ஒரு அப்பெக், சீனத் தாத்தா, வந்து பாத்துட்டு இது யாரு குடுத்த பெர்மிஷன்னு கேக்கறாரு, எங்ககிட்ட ஒரு துண்டுப் பேப்பர் கூட இல்ல. அவரு கோவக்காரரு இல்ல, பிழைச்சோம். ஒரு கோய் மீன் சேத்தா விட்டுர்றேன்னாரு. பால் வாளிக்குப் பக்கத்துல ஆரஞ்சு மீன் ஏன் நீந்துதுன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் பதில் இதுதான்.

என்ன வரையறதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?

மீட்டிங்ல முடிவு பண்ணல. மீட்டிங் போட்டா மயில், தாமரை, ட்வின் டவர் இதுதான் வரும், எங்களுக்கும் வந்துச்சு. முடிவு பண்ணது அந்த வழியா நடந்து போறவங்க. அது எப்படி ஆச்சுன்னா...

முதல் படம் பால் ஸ்டோர் சுவத்துல, பால் வெட்டற அம்மா ஒருத்தங்க. தம்பிக்கு 23 வயசு, கித்தா மரத்த யூடியூப்லதான் பாத்திருக்கான். ஒரே நாள்ல கோடு போட்டு முடிச்சான், பிரமாதமா இருந்துச்சு, எல்லாரும் கைதட்டிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போயிட்டோம். மறுநாள் காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்த ஒரு பாட்டி குடைய ஊனிக்கிட்டு அங்கயே நின்னுட்டாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்த மரத்த எவன்யா வெட்டுனான்?"ன்னாங்க.

வெட்டு தலைகீழா இருந்துச்சு. வலது பக்கம் மேல ஆரம்பிச்சு இடது பக்கம் கீழ இறங்கற மாதிரி போட்டிருந்தான். நிஜத்துல மரத்துக்கு நேரா நின்னு பாத்தா இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ, சாய்வா வரணும். பட்டைக்குள்ள பால் ஓடற குழாய்ங்க நட்டுக்குத்தலா நிக்கறதில்ல, கீழ இருந்து மேல போகப் போக லேசா வலது பக்கம் சாயும், அதுக்கு குறுக்க வெட்டுனாதான் நிறைய குழாய் அறுபட்டு பால் கூடுதலா வரும். இந்த குழாய் கதையெல்லாம் நான் அப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது. பாட்டிக்குத் தெரிஞ்சது வேற, "இப்படி வெட்டுனா மண்டோர் அன்னிக்கே பேர வெட்டிருவான்"னு சொன்னாங்க, மண்டோர்னா வேலைய மேற்பார்க்கற ஆளு.

அதோட விடல. "மேல சூரியன் எதுக்கு? நாங்க மரத்துக்குப் போறப்ப கோழி கூட எந்திரிக்காது"ன்னாங்க. அது உண்மைதான், குளிர்ச்சியா இருக்கறப்பதான் பால் நல்லா ஓடும், வெயில் ஏற ஏற கொறைஞ்சிரும், அதனாலதான் நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு இருட்டுலயே போவாங்க. அப்புறம் கோப்பையக் காட்டி, "கோப்பை நிறைய பால் இருந்தா வெட்டி ரெண்டு மணி நேரம் ஆயிருக்கணும், இவ ஏன் இன்னும் இங்க நிக்கறா? முன்னூறாவது மரத்துல இல்ல நிக்கணும்?"ன்னாங்க. தம்பி வாயப் பொளந்து நிக்கறான். பாட்டி குடைய மடக்கி கத்தி மாதிரி புடிச்சு, முட்டிய லேசா மடக்கி, பக்கவாட்டுல காலு வெச்சு வெச்சு மரத்த சுத்தி வர்ற மாதிரி காட்டுனாங்க. 78 வயசு. மணிக்கட்டு அசையவே இல்ல, உடம்புதான் நகந்துச்சு. அவன் அத வீடியோ எடுத்து வெச்சிருக்கான். இப்ப சுவத்துல நிக்கிறது அந்த நடைதான். வானம் கருநீலம், கோப்பையில அடியில மட்டும் ஒரு கோடு பால்.

அன்னில இருந்து ஒரு ரூல் வெச்சோம். எந்தப் படமா இருந்தாலும் முதல்ல சாக்பீஸ்ல கோடு போட்டு ஒரு வாரம் விட்டுருவோம். போற வர்றவங்க யாரு வேணாலும் குத்தம் சொல்லலாம். மழை வந்து அழிச்சா திரும்பப் போடுவோம், போடறப்ப சொன்ன திருத்தமும் உள்ள போயிரும். இந்த எழுத்து முழுசும் படிக்க டைம் இல்லன்னா இந்த ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க, மத்ததெல்லாம் ஹார்ட்வேர் கடையில கேட்டாலே சொல்லுவாங்க.

அந்த சாக்பீஸ் வாரத்துல வந்ததுதான் பாதி ஐடியா. பாதை முடியற இடத்துல நாசி லெமாக் விக்கிற மலாய்க்கார மக்சிக், "எல்லாரும் இருக்காங்க, நான் எங்க?"ன்னு கேட்டாங்க, இப்ப அவங்க குடையும் மேசையும் நாலாவது படத்துல இருக்கு. இன்னொரு ஆன்டி செம்பனைப் படத்தப் பாத்துட்டு, பூவுக்கு பவுடர் அடிக்கிற வேலை செஞ்ச கதைய எடுத்துவிட்டாங்க. எங்க யாருக்கும் தெரியாது. முன்னெல்லாம் செம்பனைக்கு மகரந்தத்த ஆளு வெச்சுதான் பூவுல தூவணுமாம். 1981ல கேமரூன்ல இருந்து ஒரு குட்டி வண்டு கொண்டாந்து விட்டாங்க, அரிசி அளவு கூட இருக்காது, அது வந்து மொத்த வேலையையும் எடுத்துக்கிச்சு. "எங்க வேலைய ஒரு பூச்சி புடுங்கிக்கிச்சு தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. பிள்ளைங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் புடிச்சுப்போச்சு, வண்ட மாடு சைசுக்கு வரைஞ்சு வெச்சிருக்காங்க, பக்கத்துல ஆன்டி தம்மாத்துண்டா நிக்கறாங்க.

செம்பனைன்னதும் சொல்லிர்றேன், நாட்டுல வியாபாரத்துக்குன்னு முதல்ல செம்பனை போட்டது நம்ம மாவட்டத்துலதான், 1917ல, ஹென்ரி ஃபோகோனியேங்கற பிரெஞ்சு துரை. தோட்டத்துப் பேரு தென்னமரம். பேரு தென்னமரம், நட்டது செம்பனை, இத ஒரு படமா போட்டே ஆகணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன், சாக்பீஸ் வாரத்துல யாருக்குமே ஜோக் புரியல. தூக்கிட்டோம். இன்னமும் வருத்தம்தான்.

ஆந்தை படத்துக்கு சண்டை வந்துச்சாமே?

ஆமா. செம்பனைத் தோட்டத்துல எலியப் புடிக்க கூகை வளக்கறாங்க, கம்பத்து மேல பொட்டி கட்டி வெச்சு குடும்பமா குடியிருக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க. அத வரையலாம்னா பெரியவங்க சில பேரு ஆந்தை மொகத்துலயா காலையில முழிக்கணும்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, ஏன்னா அந்த சுவரு ஒரு வீட்டு கேட்டுக்கு நேரா இருக்கு. பள்ளி வேலிப் பக்கம் மாத்துனோம். பிள்ளைங்களுக்கு அபசகுனமெல்லாம் ஒண்ணும் கிடையாது, ஹேரி போட்டர்னு கத்திக்கிட்டே பெயிண்ட் அடிச்சாங்க.

சாமி படம் போடலாமா? தலைவருங்க, நடிகருங்க?

எங்க கொள்கை: சாமி வேணாம், கட்சி வேணாம், உசுரோட இருக்கற ஒய்பி (எம்பி, சட்டமன்ற உறுப்பினர்) வேணாம், சூப்பர் ஸ்டாரும் வேணாம். சாமி வேணாங்கறது பக்தி இல்லாம இல்ல. லோங்காங் ஓரத்து சுவரு, மழை பேஞ்சா முட்டி உயரத்துக்கு சேறு தெறிக்கும், நாய் வரும், அங்க முருகன வெச்சுட்டு யாரு தினம் தொடைக்கறது? அதோட இந்த வழியில மலாய்க்காரங்களும் சீனவங்களும்தான் பாதிக்குப் பாதி நடக்கறாங்க, எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு விட்டோம். கோலம் போட்டோம், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல, மக்சிக்கே வந்து ஒரு பார்டர் அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க.

தேசியக் கொடி போடறதா இருந்தா மட்டும் பத்து தடவ எண்ணுங்க. 14 கோடு, நட்சத்திரத்துக்கு 14 முனை, பிறையும் சரியா இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சா படம் எடுத்து ஃபேஸ்புக்ல போட்டு நாறடிச்சுருவாங்க, போலிஸ் ரிப்போர்ட் வரைக்கும் கூட போகும். தரையில கண்டிப்பா வேணாம், மிதிபடும்.

சின்ன ஸ்கெட்ச்ச எப்படி இவ்வளவு பெரிய சுவத்துக்கு ஏத்துனீங்க?

புள்ளிக்கோலம்தான். ஸ்கெட்ச் மேல கட்டம் போட்டு, அதே கட்டத்த சுவத்துலயும் பெருசா போட்டு, ஒவ்வொரு கட்டத்துல என்ன இருக்கோ அத மட்டும் பாத்து வரையறது. தம்பி கிரிட் கிரிட்னு விளக்கறான், யாருக்கும் ஏறல. ஒரு அக்கா "ஓ, புள்ளி வெச்சு இழுக்கறதா"ன்னாங்க, அப்புறம் அவங்கதான் லீடரு. நீளக் கோட்டுக்கு கயித்துல சாக்பீஸ் தூள் தடவி ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சு நடுவுல ஒரு சுண்டு. ராத்திரியில புரொஜெக்டர் வெச்சும் செய்யலாம், எங்க பக்கம் கரண்டுக்கு ஒயர் இழுக்க முடியல, கொசு வேற.

கோடு முடிஞ்சதும் ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் எழுதிட்டோம், 1 கருநீலம், 2 செங்காவி இப்படி. நம்பரப் பாத்து யாரு வேணாலும் அடிக்கலாம். முகம், கை இதெல்லாம் தம்பி மட்டும்.

சுவர எப்படி தயார் பண்றது? நேரா பெயிண்ட் அடிச்சா ஆகாதா?

அடிங்க, ஆறு மாசத்துல உரிஞ்சு வரும், அப்புறம் எங்க கடைக்கே வந்து பெயிண்ட் சரியில்லன்னு என்னைத் திட்டுவீங்க. வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க.

பாசியும் கருப்பும்தான் நம்ம ஊருல முதல் எதிரி. க்ளோராக்ஸ் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து அடிச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, பிரஷ் போட்டுத் தேச்சு, நல்லா கழுவி காய விடுங்க. அதுகூட டாய்லெட் கழுவுற ஆசிட் கீசிட் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். நான் விளையாட்டுக்குச் சொல்லல.

ரெண்டாவது, சுவத்துல வெள்ளையா பூக்கற உப்பு. சிமெண்டுக்குள்ள ஈரம் இருந்தா அது வெளிய வர்றப்ப உப்பையும் தள்ளிக்கிட்டு வரும், மேல அடிச்ச பெயிண்ட்டையும் தள்ளும். அத முதல்ல காஞ்ச பிரஷ்ல தட்டி எடுங்க, எடுத்த எடுப்புல தண்ணிய ஊத்துனா கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிரும். ஈரம் இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன வழி சொல்றேன், ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட சுவத்துல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா சுவரு இன்னும் ரெடி இல்ல. எங்களுக்கு ஏழாவது சுவத்துல வேர்த்துச்சு. எனக்கே அவசரம், பள்ளி லீவு முடியப்போகுதுன்னு அடிச்சுட்டோம். இப்ப போய் பாருங்க, கொக்கு படத்துல கொக்குக்கு காலே இல்ல. கடைக்காரனே செஞ்ச தப்பு.

புதுசா பூசுன சுவருன்னா 28 நாள் காய விடணும், பச்சை சிமெண்டுல காரம் அதிகம், கலர தின்னுரும். அதுக்கப்புறம் சிமெண்டுக்குன்னே இருக்கற சீலர் ஒரு கோட்டு, கட்டாயம். பழைய தோட்டத்துக் கட்டடத்துல எண்ணெய் பெயிண்ட் இருந்தா காஞ்சபடி தேய்க்காதீங்க, அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், நனைச்சு சுரண்டி பொட்டலம் கட்டிப் போடுங்க, பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க.

ஆமா, சுவத்து ஓரத்துல லாலான் புல்லு வெட்டறதா இருந்தா முதல்ல கம்பால தட்டுங்க. எங்களுக்கு ஒரு நாகம் வந்து முதல் நாள் கோத்தோங் ரோயோங் கூட்டு வேலையையே கலைச்சுட்டுப் போச்சு.

என்ன பெயிண்ட்? எவ்வளவு வாங்கணும்?

வெளிச்சுவருக்குன்னு இருக்கற அக்ரிலிக் தண்ணி பெயிண்ட், வெதர்ஷீல்ட் மாதிரி. எந்தக் கம்பெனிங்கறத விட வெளிச்சுவருக்கானதாங்கறதுதான் முக்கியம். எண்ணெய் பெயிண்ட் வேணாம், சுவரு மூச்சு விட முடியாம கொப்பளிக்கும்.

கணக்கு இப்படி. 20 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம்னா 40 சதுர மீட்டர். டின்னுல லிட்டருக்கு 10, 12 சதுர மீட்டர்னு போட்டிருக்கும், அது வழுவழுன்னு இருக்கற சுவருக்கு, நம்ம சுவரு சொரசொரப்பு, 8னு வெச்சுக்குங்க. அடிக்கலர் ரெண்டு கோட்டுன்னா 10 லிட்டர், சீலர் 5 லிட்டர். படத்துக்கு வேண்டிய கலருங்கள ஒரு லிட்டர் டின்னா வாங்குனா போதும். வெலைய எழுத மாட்டேன், நேத்து எழுதுனது இன்னிக்கு இல்ல. ஆனா ஒண்ணு, வீடு கட்டி முடிச்சவங்ககிட்ட கேளுங்க, பாதி டின்னு எல்லார் வீட்டு ஸ்டோர்லயும் தூங்குது. எங்களுக்கு வெள்ளையும் கிரீமும் அப்படியேதான் கிடைச்சுது.

கலர் விஷயத்துல வெயில மறந்துறாதீங்க. பளிச் ரோஸு, பளிச் மஞ்சள், ஆரஞ்சு இதெல்லாம் சீக்கிரம் வெளுத்துரும். செங்காவி, மஞ்சக்காவி இந்த மண்ணு கலருங்க இரும்புல இருந்து வர்றது, அசையாது. நீலமும் பச்சையும் ஓரளவு நிக்கும். எங்க செம்பருத்தி இப்ப நந்தியாவட்டை மாதிரி ஆயிருச்சு, பின்னால இருக்கற செம்மண் சடக்கு மட்டும் அடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு.

எந்த மாசம் அடிக்கலாம்?

மேற்குக் கரையில ஜூன், ஜூலை. ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல சாயங்காலமானா இடி மழை, அடிச்சது ஓடிரும். கிழக்குக் கரையில இருக்கறவங்க நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மறந்துருங்க. எந்த மாசமா இருந்தாலும் காலையில ஏழரைக்கு ஆரம்பிச்சு பதினொண்ணுக்கு முடிச்சுருங்க, மத்தியானம் சுவரு கொதிக்கும், பிரஷ்லயே பெயிண்ட் காஞ்சுரும், ஆளும் காஞ்சுருவாங்க.

சின்னப் பிள்ளைங்கள சேக்கலாமா?

சேக்கலாம், ஆனா லோங்காங் பக்கம் ஒரு பெரியவங்க முதுகக் காட்டிக்கிட்டு வேலி மாதிரி நிக்கணும், அந்த ஆளு பெயிண்ட் அடிக்கக் கூடாது, நின்னா போதும். பிள்ளைங்களுக்கு முட்டி உயரம் வரைக்கும் இடம் குடுங்க, அவங்க கை எட்டற இடத்துல பெரியவங்க பூந்துறாதீங்க. ஏணி யாருக்கும் இல்ல. எங்க படங்க எல்லாமே தரையில நின்னு கை எட்டற உயரம்தான்.

பிரஷ் கழுவுன தண்ணிய லோங்காங்ல ஊத்தாதீங்க, வாளியில தெளிய விட்டு அடியில நிக்கறத காய வெச்சு குப்பையில போடுங்க. காலி டின்ன அன்னிக்கே கவுத்து வைங்க. படம் அடிக்கப் போயி ஏடிஸ் கொசு வளத்து கம்பவுண்ட் (அபராதம்) வாங்குன பேரு நமக்கு வேணாம்.

தரையிலயும் படம் போடலாமா, சைக்கிள் பாதையிலயே?

சுவத்துப் பெயிண்ட்ட தரையில அடிச்சா மழையில வழுக்கும். சைக்கிள் டயர் ஒரு சோப்பு மேல ஏறுன மாதிரி போகும், அதுவும் வளைவுல. தரைக்குன்னு தனி பெயிண்ட் இருக்கு, அதுல மணல் மாதிரி சொரசொரப்பு தூள் கலந்துதான் அடிக்கணும். நாங்க பள்ளி வாசல்ல மட்டும் ஒரு நொண்டிக் கட்டம் போட்டோம், அங்க சைக்கிள எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

அதே மாதிரி, நின்னு போட்டோ எடுக்கற மாதிரி படத்த வளைவுல வெக்காதீங்க. எங்க கோய் மீன் சரியா வளைவுலதான் இருக்கு, குடும்பமா குறுக்க நின்னு செல்ஃபி எடுக்கறாங்க, பின்னால பெல் அடிச்சுக்கிட்டு ஒரு பையன் பறந்து வர்றான். ரெண்டு தடவ மோதிக்கிட்டாங்க, முட்டி சிராய்ப்போட போச்சு. இப்ப பாதையில ஒரு மஞ்சக் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கம் நின்னு எடுங்கன்னு எழுதி வெச்சிருக்கோம், பாதி பேரு கேக்கறாங்க.

குப்பை கொட்றது நின்னுச்சா?

பால் ஸ்டோர் கிட்ட நின்னுச்சு. பழைய மெத்தை, சோபான்னு கொட்டுவாங்க, இப்ப இல்ல. காரணம் படமான்னு எனக்குச் சந்தேகம், பாட்டி தினம் காலையில அங்க உக்காந்திருக்கறதும் ஒரு காரணம். செம்பனைப் பக்கம் ரெண்டு மாசம் நின்னுட்டு திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க, வண்டு காலடியில இப்ப ஒரு ஃப்ரிட்ஜ் கிடக்கு.

இந்தக் காசுக்கு ரெண்டு லைட்டு போட்டிருக்கலாமே?

சரியான கேள்வி, என் வீட்டுக்காரியே கேட்டது. எங்ககிட்ட இருந்த காசுக்கு ஒரு கம்பம் கூட வராது, லைட்டு மஜ்லிஸ் வேலை, அதுக்கு மூணு லெட்டர் போட்டாச்சு, நாலாவதும் எழுதியிருக்கோம். ஆனா படம் இருக்குல்ல, அப்ப பாதை நல்லாத்தான் இருக்குன்னு ஒரு ஆபிசர் சொன்னாரு பாருங்க, அதுக்குத்தான் எனக்குப் பயம். ஏழு மணிக்கு மேல அங்க இருட்டுதான், பொம்பளப் பிள்ளைங்க தனியா வர்றதில்ல. படம் வந்ததால அது மாறல.

யாராச்சும் கிறுக்குனா?

ரெண்டு தடவ கிறுக்குனாங்க, ஒரு தடவ மார்க்கர்ல ஒரு பையன் பேரும் ஒரு பொண்ணு பேரும். ஒவ்வொரு கலருலயும் கொஞ்சம் மூடி போட்டு வெச்சிருக்கோம், டின்னு மேல நம்பர் எழுதி. அன்னிக்கே அடிச்சுறணும், ஒரு வாரம் விட்டா பக்கத்துல இன்னொரு ஜோடி வந்துரும். மேல வார்னிஷ் மாதிரி கிளியர் கோட்டு அடிக்கலாமான்னு கேக்கறாங்க, சுவரு நல்லா காஞ்சிருந்தா அடிங்க, ஈரச் சுவத்துல அடிச்சா பால் மாதிரி வெளுத்துப் போகும், அதுக்கு அடிக்காமலே இருக்கலாம்.

எத்தன வருஷம் நிக்கும்?

நல்ல சுவத்துல அஞ்சாறு வருஷம் பாக்கலாம். கொக்கு ஒரு வருஷம் கூட நிக்கல.

நாங்க வந்து பாக்கலாமா?

வாங்க. சனிக்கிழமை காலையில வந்தா நல்லது, காடிய கோயில் பக்கம் போட்டுட்டு நடங்க, சைக்கிள்ல வர்றவங்க பெல் இருக்கான்னு பாத்துக்குங்க. நாசி லெமாக் ஒம்பது மணிக்கெல்லாம் தீந்துரும். பன்னெண்டாவது படம் இந்த வாரம் சாக்பீஸ்ல நிக்குது, பள்ளி வேலிக்கு முன்னால, பெரட்டுக் களம், அதான் காலையில வேலைக்கு ஆளுங்க கூடற இடம், தோட்டத்துக் கிராணி (கணக்கர்) பேரு கூப்பிடறாரு. அதுல கிராணி தொப்பி போட்டிருந்தாரா இல்லையான்னு இங்க ரெண்டு கட்சியா நிக்கறாங்க, உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா கேட்டுட்டு வாங்க.